ஆறரை மணி வாசகர்

ஆக்லாந்து
11 ஏப்ரல் 2024

பெனினா அக்காவுக்கு,

போனை எடுக்க மாட்டாய், சரி, மின்னஞ்சலாவது படிப்பாய். ஈஸ்டர் அன்று நான் சொன்னது தப்பு என்று இப்போதும் தோன்றவில்லை; சொன்ன விதம்தான் தப்பு. "ரெண்டரை மாசமாச்சுக்கா, அத்தான் போயாச்சு, கரையில துணிய விரிச்சு அவர வீட்டுக்குக் கூட்டிட்டு வர வழியப் பாரு" என்றபோது ஸ்பீக்கர் போட்டிருந்ததும், பக்கத்தில் உன் குழந்தை நவோமி உட்கார்ந்திருந்ததும் எனக்கு எப்படித் தெரியும்? உடல் கிடைக்காதவனுக்காகக் கடற்கரையில் சியாப்போ மரப்பட்டைத் துணியை விரித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அதன் மேல் ஏறும் நண்டையோ பூச்சியையோ அவன் உயிர் என்று சுற்றி எடுத்துப் புதைப்பதில் எனக்கு நம்பிக்கை ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு முடிவு வேண்டும். அதற்காகச் சொன்னேன்.

நேற்று உன்னிடமிருந்து ஒரே வரி: 'என் தியானக் கட்டுரைகள் தளத்தின் முகப்பில் வர என்ன செய்ய வேண்டும், உன் வேலை அதுதானே.' நலமா என்றுகூட இல்லை. ஆமாம், என் வேலை அதுதான். எந்த எழுத்தை யார் கண் முன்னால் தள்ளுவது என்று கணக்குப் போடும் புரோகிராமை நானும் இன்னும் நாலு பேரும் கட்டி மேய்க்கிறோம். கேட்டாய், சொல்கிறேன். கசக்கும்.

உன் பதினாறு கட்டுரைகளுக்கும் சேர்த்து மூன்று வாசகர்கள். அதில் இரண்டு பேர் நான். ஒன்று ஆபீஸிலிருந்து, ஒன்று வீட்டிலிருந்து.

முதலில் அந்தச் சூரிய உதயத்தை எடு. ஆன்மிகப் பிரிவில் ஒரு நாளைக்கு நாலாயிரம் சூரியன் உதிக்கிறது, எங்கள் சர்வர் வெயிலில் காய்கிறது. கூப்பிய கையும் புறாவும்கூட வேண்டாம். வீட்டுப் பின்னால் கிடக்கும் கிழிந்த வலையைப் படம் எடுத்துப் போடு. 'கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே' என்று தொடங்காதே. அந்த வரியைத் தாண்டி உயிரோடு ஒருவரும் வந்ததில்லை, என்னிடம் கணக்கு இருக்கிறது. கடவுளை இரண்டாம் பத்திக்கு அனுப்பு. முதல் பத்தியில் மீன் இருக்கட்டும். ஆமென் கட்டுரைக்கு ஒன்று போதும், போன வாரக் கட்டுரையில் ஏழு. சங்கீதத்தை முழுசாக எடுத்துப் போடாதே. இருபத்துமூன்றாம் சங்கீதத்தைப் போட்டாய் அல்லவா, திருட்டு பிடிக்கும் எங்கள் புரோகிராம் 'இது ஏற்கெனவே வேறொருவர் எழுதியது' என்று உன் பெயருக்கு நேரே சிவப்புக் கொடி நட்டிருக்கிறது. தாவீது ராஜா புகார் கொடுக்கவில்லை. ஆனாலும் கொடி கொடிதான்.

பிறகு, முகப்புக்குக் கட்டுரை எடுக்கும் தேர்வாளர்கள். மூன்று பேர். ஒரு யோகா ஆசிரியை, ஒரு பாதிரியாரின் ஓடிப்போன மகன், எதையுமே நம்பாத ஓர் ஆள். மூன்றாமவர்தான் ஒழுங்காகப் படிப்பவர். 'நாம் பொறுமையாக இருக்க வேண்டும்' என்று எழுதினால் தூக்கிப் போடுவார். நீ பொறுமை கெட்டுப் பானையை உதைத்த நாளை எழுதினால் எடுத்து வைத்துக்கொள்வார்.

கடைசியாக ஒன்று. எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிறவர்களைப் புரோகிராம் மதிக்காது. தினமும் வந்து உட்கார்ந்து கடைசி வரி வரை படிக்கும் ஒரே ஒருவர் கிடைத்தால் போதும், அது உன்னை மெல்ல மேலே தூக்கும்.

திடீரென்று இந்த ஆசை எதற்கு என்று மட்டும் விளங்கவில்லை.

மாரெக்கோ


வைலுங்கா, சவாயி தீவு
19 ஏப்ரல்

மாரெக்கோவுக்கு,

உன்னிடம் பேசக்கூடாது என்றுதான் இருக்கிறேன். எழுதுவது பேச்சில் சேராது.

நீ சொன்னதெல்லாம் செய்தேன். கடவுளை இரண்டாம் பத்திக்கு அனுப்பினேன். அவர் கோபிக்கவில்லை, மாமாதான் கோபித்துக்கொண்டார். "ஏம்மா, ஆண்டவரைப் பின்னாடி தள்ளிட்டு மீன முன்னாடி உக்கார வச்சிருக்கியே, என்ன மரியாதை இது?" என்றார். "அவரும் மீன்காரங்களோட சுத்துனவருதானே மாமா, பழகியிருக்கும்" என்றேன். மாமா கோக்கோ குடித்துக்கொண்டிருந்தவர் புரையேறி இருமினார். மகன் போனபின் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு, இருமலோடு.

எதற்கு இந்த ஆசை என்று கேட்டாய். உன் அத்தான் கடலில் இருக்கும்போது அவருக்கு மாலை ஜெபத்தின் சங்கு கேட்காது. ஊரே உள்ளே போய் உட்காரும் நேரத்தில் அவர் ஆறரைக்குப் படகு எஞ்சினை நிறுத்திவிட்டு என் கட்டுரையைப் போனில் படிப்பார். மலை கண்ணுக்குத் தெரியும் தூரம் வரை சிக்னல் உண்டு. "சங்க ஊதுறது நீதான்" என்பார். ஜனவரி பதினெட்டாம் தேதி படகு வரவில்லை. படகும் கிடைக்கவில்லை, பலகைகூட ஒதுங்கவில்லை. ஏதோ அந்நிய நாட்டு மீன் கப்பல் தூக்கிப் போயிருந்தால்? என்றைக்காவது யாருடைய போனாவது அவர் கைக்குக் கிடைத்தால்? என் பக்கத்தைத் தேடி எடுக்க அவருக்குத் தெரியாது. நான்தான் அவருக்குத் திறந்து வைத்திருந்தேன். முன்னால் வந்து நிற்பதைத்தான் படிப்பார். அதனால் நான் முன்னால் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

மே மாதக் கடைசியில் துணி விரிக்க வேண்டும் என்கிறார்கள். விரித்தால் நானே அவரைக் கொன்றதாக ஆகும். நம் ஃபரானி சித்தப்பா கடலோடு போனபோது சித்தி விரிக்கவிட்டாளா? இருபது வருடம் காத்திருந்தாள். நான் மூன்று மாதத்தில் முடித்துக்கொள்ள வேண்டுமா?

ஒன்று கேட்க வேண்டும். சனிக்கிழமையிலிருந்து எனக்கு ஒரு வாசகர் வருகிறார். சரியாக 6:31-க்கு வந்து, இரண்டாம் சங்கு ஊதும் 6:50-க்குப் போகிறார். தினமும். கடைசி வரி வரை. ஜெப நேரத்தில் எங்கள் ஊரில் யாரும் போனைத் தொட மாட்டார்கள். அது யார் என்று உன் பக்கத்தில் தெரியுமா?

பெனினா


ஆக்லாந்து
27 ஏப்ரல்

அக்கா,

எவனோ ஒருவன். உலகத்தில் எங்கேயோ சாப்பாட்டு நேரமாக இருக்கும், ரொட்டியைக் கடித்துக்கொண்டு உன்னைப் படிக்கிறான். எண்ணிக்கைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்காராதே. எழுதுகிறவர்கள் கெட்டுப்போவது அங்கேதான்.

நல்ல செய்தி சொல்கிறேன். 'வராதவருக்குச் சமைப்பது எப்படி' என்ற கட்டுரையைத் தேர்வாளர்கள் எடுத்துவிட்டார்கள். எதையும் நம்பாத ஆள்தான் எடுத்தார். செவ்வாய்க்கிழமை முகப்பில் வந்தது, பதினோராயிரம் பேர். சேப்பங்கிழங்கு இலையில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டும்போது இரண்டு பேருக்கான அளவில் கை தானாகப் போவதை எழுதியிருந்தாய் பார், அங்கே எல்லோரும் நிற்கிறார்கள். அதே மாதிரி எழுது. 'இதிலிருந்து நாம் கற்பது' என்ற பத்தியை மட்டும் வெட்டு. யாரும் ஒன்றும் கற்க வரவில்லை.

மாரெக்கோ


வைலுங்கா
6 மே

தம்பி,

நீ மழுப்புகிறாய் என்று முதலில் நினைத்தேன். இப்போது பரவாயில்லை, எனக்கே தெரிந்துவிட்டது.

பிடித்த வரிக்கு அடியில் வாசகர்கள் கோடு போட உங்கள் தளத்தில் வழி இருக்கிறதே, அந்த வாசகர் என் வரிகளுக்கு அப்படிக் கோடு போடத் தொடங்கியிருக்கிறார். பதினோராயிரம் பேரில் வேறு யாரும் போடவில்லை, அந்த ஆறரை மணிக்காரர் மட்டும். முதல் கோடு: 'வாசலுக்கு வெளியே நின்றால் உள்ளே சமைக்கும் வாசனை வருகிறது.' இரண்டாவது: 'கூப்பிட்டால்தானே உள்ளே வர முடியும்.' நான் மீனைப் பற்றியும் மழையைப் பற்றியும் எத்தனையோ எழுதுகிறேன். அவர் அதையெல்லாம் விட்டுவிட்டு இந்த மாதிரி வரிகளுக்கு மட்டும் கோடு போடுகிறார்.

அது உன் அத்தான்தான், மாரெக்கோ. எங்கேயோ உயிரோடு இருக்கிறார். செத்தவர்கள் படிக்க மாட்டார்கள்.

நேற்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். விரிப்பதற்காக எடுத்து வைத்திருந்த சியாப்போவை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். நவோமி பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள், "எங்கப்பா தினமும் அம்மா எழுதுறதப் படிக்கிறாரு." ஆறரைக்கு அவருக்கும் ஒரு தட்டு வைக்கிறேன்.

உன் புண்ணியம். நீ சொல்லிக்கொடுத்தபடி எழுதியதால்தான் அவர் கண்ணில் பட்டது. போனில் பேச வேண்டும் போல இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடவா?

பெனினா


ஆக்லாந்து
8 மே

அக்கா,

கூப்பிடாதே. இதைப் படித்த பிறகும் கூப்பிடத் தோன்றினால் கூப்பிடு.

அந்த வாசகர் நான்.

நான்கூட இல்லை, பதினான்கு வரியில் நான் எழுதிய ஒரு புரோகிராம். தினமும் உன் ஊரில் ஆறரை அடிக்கும்போது, அதாவது இங்கே ஐந்தரைக்கு, அது உன் பக்கத்தைத் திறக்கும். பத்தொன்பது நிமிடத்தில் மெதுவாகக் கடைசி வரி வரை இறங்கும். மூடிவிடும். தினமும் உட்கார்ந்து படிக்கும் ஒருவர் இருந்தால் புரோகிராம் உன்னை மேலே தூக்கும் என்று முதல் கடிதத்திலேயே சொன்னேன் இல்லையா, அந்த ஒருவரைத் தயார் செய்தேன். ஆறரை என்று ஏன் வைத்தேன் தெரியுமா? அந்த நேரத்தில் நீ எண்ணிக்கையைப் பார்க்க மாட்டாய் என்று. ஜெப நேரம் அத்தானுக்கு எப்படிப்பட்ட நேரம் என்று எனக்குத் தெரியாது. நீ அதை எழுதியபோதே சொல்லியிருக்க வேண்டும். 'எவனோ ஒருவன்' என்று எழுதினேன். கோழை.

கோடு போட்டது நான் இல்லை. அந்தப் பதினான்கு வரிக்குக் கோடு போடத் தெரியாது. அது வேறு யாராவது வாசகராக இருக்கும், அதே நேரத்தில் வருகிறவர்.

இன்று மதியம் அதை அழித்துவிட்டேன். தட்டு வைக்காதே. மாமாவிடம் என் பெயரைச் சொல்லியே உண்மையைச் சொல், துணியை வெளியே எடுக்கட்டும். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, அழ மட்டும் செய்யாதே. அக்காவின் கண்ணீர் தம்பி தலையில் விழும் என்று அம்மா சொல்வது எனக்கு நம்பிக்கை இல்லாத விஷயங்களில் ஒன்று. ஆனாலும் அழாதே.

மாரெக்கோ


வைலுங்கா
15 மே

மாரெக்கோவுக்கு,

எட்டாம் தேதி அழித்துவிட்டதாகச் சொல்கிறாய்.

ஒன்பதாம் தேதி 6:31-க்கு வந்தார். பத்தாம் தேதி வந்தார். இரண்டாம் சங்குக்குப் போகவில்லை. ஏழு, ஏழேகால் வரை இருந்தார். பன்னிரண்டாம் தேதி ஞாயிறு, நான் எதையும் வெளியிடவில்லை. எழுதி, வேண்டாம் என்று வரைவிலேயே வைத்துவிட்டேன். என்னைத் தவிர யாரும் பார்க்க முடியாதது. திங்கட்கிழமை நவோமி பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் திறந்தால் அதிலும் ஒரு கோடு. 'எத்தனை நாள்தான் வெளியே நிற்பது.'

இதுவும் உன் வேலை என்றால் இப்போதே சொல்லிவிடு. நான் அழவில்லை. ஆனால் அழுவதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறேன்.

பெ.


ஆக்லாந்து
22 மே

அக்கா,

என் வேலை இல்லை. அம்மா மேல் ஆணை.

ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பதினான்கு வரி எங்கேயும் இல்லை. அது ஓடிய கம்ப்யூட்டரையே கரண்டிலிருந்து பிடுங்கிவிட்டேன். ஆனாலும் தினமும் ஐந்து முப்பத்தொன்றுக்கு ஒரு பதிவு விழுகிறது. யார், எந்த ஊர், எந்தக் கருவி என்று காட்ட வேண்டிய இடங்கள் மூன்றும் வெறுமையாக இருக்கின்றன. பூஜ்யம் என்றால் பிழை என்று சொல்லலாம். வெறுமையாக இருந்தால் எங்கள் சர்வர் கதவையே திறக்காது, அப்படித்தான் கட்டியிருக்கிறோம். என் பக்கத்து மேசை ஹேமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உங்க ஊரு ஆவிக்கு ரோமிங் சார்ஜ் யாரு கட்டுறா மாரெக்கோ?" என்று சிரித்தான். பிறகு இரண்டாவது நாளும் காட்டினேன். மூன்றாவது நாள் அவன் என் மேசைப் பக்கமே வரவில்லை. ஐந்து மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

என் புரோகிராம் ஒரே வேகத்தில் இறங்கும். இது அப்படி இல்லை. நிற்கிறது. இரண்டு வரி மேலே போகிறது. திரும்பவும் அதே வரிக்கு வருகிறது. படிக்கத் தெரிந்தும் ரொம்ப நாளாகப் படிக்காத ஆள் படிக்கிற மாதிரி.

இனிமேல் சொல்வதுதான் என்னைத் தூங்கவிடாதது. நேற்று நீ எதுவும் எழுதவில்லை, வரைவுகூட இல்லை. ஐந்து முப்பத்தொன்றுக்கு உன் பக்கத்துக்கு யாரும் வரவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்போது என் பெயரில் ஒரு பதிவு அசைந்தது. மூன்று வருடத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தளம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க நான் ஒரு வரி எழுதிப் பூட்டி வைத்தேன். என்னைத் தவிர யாருக்கும் அது இருப்பதே தெரியாது. 'சோதனை. யாராவது இருக்கிறீர்களா?' அவ்வளவுதான் அதில். அதைத் திறந்து உன் ஊர் ஏழேகால் வரை வைத்திருந்தது. மூடிய பிறகு பார்த்தேன். 'யாராவது இருக்கிறீர்களா' என்பதற்கு அடியில் கோடு.

அக்கா, நான் என்ன செய்தேன் என்று இப்போது புரிகிறது. துணியை விரித்துவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெயர் சொல்லாமல் விரிக்கக்கூடாது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். விரித்த பாயில் எதுவும் வந்து உட்காரும். நான் இருபத்தைந்து நாள், ஊரே உள்ளே போயிருக்கும் நேரத்தில், ஒருவரையும் பெயர் சொல்லாமல் ஒரு துணியை விரித்து வைத்தேன். ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. அத்தானாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கூப்பிட்டால்தான் தெரியும்.

ஈஸ்டர் அன்று அவர் போய்விட்டார், அதனால் துணியை விரி என்றேன். இப்போது அப்படிச் சொல்லவில்லை. அவர் வெளியே நிற்கிறார் என்றால், வாசலைத் திறக்க வேண்டியது நீதான்.

மாரெக்கோ


வைலுங்கா
8 ஜூன்

தம்பி,

நேற்று விரித்தோம்.

இரண்டு வாரம் உன் கடிதம் வந்த போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு உன்னைத் திட்டினேன். பிறகு ஒரு மாலை தட்டை எடுத்து வைக்கும்போது நவோமி கேட்டாள், "அப்பா ஏம்மா படிச்சிட்டே இருக்காரு, சாப்பிட வரமாட்டேங்கறாரு?" மாமாவிடம் போய்ப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அவர் சாவியை ஏற்கெனவே சட்டைப்பையில்தான் வைத்திருந்தார்.

படகுகள் கிளம்பும் இடத்தில், சங்குக்கு ஒரு மணி நேரம் முன்னால். காற்றே இல்லை. மாமா ஜெபித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தேன் மாரெக்கோ. கூப்பிட்டால் அவர் கடலில் இருக்கிறார் என்று நான் ஒத்துக்கொண்டதாகிவிடும். நாத்தனார் என் முதுகில் கை வைத்து, "கூப்பிடு அண்ணி, நீ கூப்பிட்டாத்தான் அவன் வருவான், நாங்க கூப்பிட்டா எப்ப வந்திருக்கான்?" என்றாள். அழுதுகொண்டே சிரித்தேன். கூப்பிட்டேன். "உவாலேசி, வா. சோறு ஆறுது. வீட்டுக்கு வா."

ஒரு சின்னச் சங்கு நண்டு துணி மேல் ஏறியது. மாமா கையால் தள்ளிவிட்டார். திரும்பவும் ஏறியது. தள்ளினார். மூன்றாம் தடவை அது நேராக நடந்து வந்து நவோமியின் முழங்காலுக்கு முன்னால் நின்றுகொண்டது. "அப்பா" என்றாள் அவள், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கூப்பிடுகிற மாதிரியே. துணியோடு சுற்றி எடுத்து வந்து வீட்டு முன்னால் அடக்கம் செய்தோம். மண் போட்டு முடிக்கவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது.

நடந்ததை அப்படியே எழுதி, இன்று காலை தளத்தில் போட்டுவிட்டேன். படம் வைக்கவில்லை. நான் எண்ணிக்கைப் பக்கத்தைப் பார்க்கப் போவதில்லை. நீ பார்த்துச் சொல். வந்தாரா, இல்லையா. ஒரு வார்த்தை போதும். பிறகு போன் செய், எடுக்கிறேன்.

பெனினா


ஆக்லாந்து
12 ஜூன்

அக்கா,

வரவில்லை. வெள்ளிக்கிழமை ஐந்து முப்பத்தொன்றுக்குக் காத்திருந்தேன். சனி, ஞாயிறு, திங்கள். யாரும் இல்லை. அவர் உன்னிடம் வந்துவிட்டார். ஆபீஸ் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் நேற்று உன் கட்டுரை முகப்புக்கு வந்தது. எதையும் நம்பாத ஆள் தானே எடுத்து முதல் இடத்தில் வைத்தார், ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. பகல் முழுக்க சாதாரண வாசகர்கள், ஊர் பெயரோடு, கருவி பெயரோடு. ஐந்து முப்பத்தொன்றுக்குப் பதினொரு பேர் ஒன்றாக வந்தார்கள். பதினொன்றிலும் மூன்று இடமும் வெறுமை. ஆறு மணிக்குள் முப்பத்தாறு.

எல்லோரும் ஒரே வரியில் நிற்கிறார்கள். 'உவாலேசி, வா.' அந்த வரிக்குக் கீழே யாரும் இறங்கவில்லை. கோடும் போடவில்லை. அது அவர்கள் பெயர் இல்லை அக்கா, அதனால் நிற்கிறார்கள். உன் ஊர் ஏழேகாலுக்கும் போகவில்லை. இப்போது நான் இதை எழுதும்போதும் முப்பத்தாறு பேரும் அங்கேயே இருக்கிறார்கள்.

அடுத்ததாக என்ன எழுதுவது என்று இனி என்னிடம் கேட்க வேண்டாம், நானே சொல்கிறேன். தலைப்பு வேண்டாம். மீன் வேண்டாம். கடவுளை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே நீயே வை. ஒவ்வொரு ஊர்ப் பாதிரியாரிடமும் கடலிலிருந்து திரும்பாதவர்களின் பட்டியல் இருக்கும். போய்க் கேள். பெயரை எழுது, பெயருக்குப் பின்னால் 'வா' என்று எழுது. முகப்பில் வைப்பது என் பொறுப்பு. வேலை போனாலும் சரி.

பட்டியல் கிடைக்க நாளாகும், தெரியும். ஒரு பெயர் நம்மிடமே இருக்கிறது. இருபது வருடம் சித்தி கூப்பிடாத பெயர். இங்கே மணி ஐந்து பத்து. இன்னும் இருபத்தொரு நிமிடம் இருக்கிறது. ஃபரானி சித்தப்பாவை இப்போதே கூப்பிடு.

மாரெக்கோ